குடியிருப்பு வளாகத்தின் மழைநீர் அனுமதியையும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் புதுப்பிப்பது எப்படி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிய இரண்டு நாளும் எங்கள் வளாகத்தின் பார்க்கிங்கில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு தேடிப் பார்த்தோம். பின்பக்கச் சுவரோரம் இருந்த மழைநீர் சேம்பர் (குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட சிறு தொட்டி) ஒன்றின் மூடி பேவர் பிளாக்குக்கு அடியில் கிடந்தது. இரண்டாம் கட்டக் கட்டடம் எழும்பியபோது அங்கிருந்த தோட்டத்தைப் பார்க்கிங் ஆக்கியவர்கள், மூடியின் மேலேயே கல் பதித்துவிட்டார்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் 14 சேம்பர் என்று இருந்தது. சுத்தம் செய்ய வந்தவர்கள் வருடா வருடம் 13ஐத் திறந்துவிட்டு 14க்குக் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார்கள். எங்களில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் அசோசியேஷனுக்காகவும் பக்கத்தில் இரண்டு வளாகங்களுக்காகவும் இந்தத் தாள்களை எல்லாம் சரிசெய்யும் வேலையில் இருந்தேன். அதில் கற்றுக்கொண்டதை, இந்த வேலையை முதன்முதலாகத் தொடுபவருக்குப் புரியும்படி எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் ‘மழைநீர் அனுமதி’ என்று தனியாக ஒரே ஒரு தாளைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அது பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது மாநகராட்சி ஒப்புதல் தந்த வரைபடத்தில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு குறிக்கப்பட்டிருக்கும். அனுமதிக் கடிதத்தில் சில நிபந்தனைகள் இருக்கும். ஏரி, ஓடை, சதுப்பு நிலத்தை ஒட்டிய மனை என்றால் வெள்ளம் தேங்குவது பற்றிய தடையின்மைச் சான்றும் இருக்கும். சாலையோர வடிகாலில் இணைப்பு இருந்தால் அதற்கு மாநகராட்சி தந்த அனுமதி தனி. இவை அத்தனையும் சேர்ந்ததுதான் உங்கள் மழைநீர் அனுமதி.

படி 1: தாள்களைச் சேர்ப்பது

ஒப்புதல் பெற்ற வரைபடம், திட்ட அனுமதிக் கடிதம், கட்டட நிறைவுச் சான்று, தடையின்மைச் சான்று, பூங்காவுக்கோ சாலைக்கோ நிலம் ஒப்படைத்த தானப் பத்திரம், பில்டர் ஒப்படைப்பின்போது தந்த கோப்பு, இப்போதைய பராமரிப்பு ஒப்பந்தம். இவ்வளவும் வேண்டும். தடையின்மைச் சான்று பழையது என்றால் அதன் தலைப்பில் பொதுப்பணித் துறை என்று இருக்கும். இப்போது அதைத் தரும் நீர்வளத் துறை தனித் துறையானது 2021இல்தான். அதனால் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பில்டரிடம் இல்லை, கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். ‘மழைநீர் விவரம் வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்காமல், திட்ட அனுமதி எண்ணையும் ஆண்டையும் போட்டு, ‘இந்த எண்ணுக்குரிய வரைபடத்தின் நகலும் நிபந்தனைக் கடிதத்தின் நகலும்’ என்று கேளுங்கள். குறிப்பாகக் கேட்டால் குறிப்பாகப் பதில் வரும்.

படி 2: வரைபடத்தோடு தரையில் நடப்பது

எனக்கு இதுதான் முக்கியமான படி. இதைச் சரியாகச் செய்தால் மற்றவை தானாக வந்துவிடும். அவசரப்பட்டு அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் போதும். ஒருவர் தாளைப் பிடிக்க, இன்னொருவர் மூடியைத் தேட. மொட்டைமாடியில் தொடங்கி, ஒவ்வொரு மழைநீர்க் குழாயும் எங்கே இறங்குகிறது, எந்த சேம்பரில் விழுகிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்று கடைசி இடம் வரை தொடருங்கள். சந்தேகம் வந்தால் மாடியில் ஒரு வாளி தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றிப் பாருங்கள், கீழே எங்கே மஞ்சள் வருகிறது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு மூடிக்கும் எண் கொடுத்து, மூடியிலேயே பெயின்டில் எழுதுங்கள். திறந்து, ஆழம் எவ்வளவு, வண்டல் எவ்வளவு என்று அளந்து குறியுங்கள்.

பால்கனிகளையும் விடாமல் பாருங்கள். வாஷிங் மெஷினைப் பால்கனியில் வைத்து, அதன் கழிவுக் குழாயை மழைநீர்க் குழாயில் விட்ட வீடுகள் நம் ஊரில் ஏராளம். அந்த சோப்புத் தண்ணீர் நேராகக் கசிவுநீர்க் கிணற்றுக்கு (மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறு) போய் நிலத்தடி நீரில் கலக்கிறது. எங்கள் வளாகத்தில் மட்டும் ஒன்பது வீடுகளில் இது இருந்தது. சண்டை போடாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கிணற்றின் புகைப்படத்தைக் காட்டினோம். எட்டு வீடுகள் அந்த மாதமே மாற்றிக்கொண்டன. கழிவுநீர்க் குழாய் மழைநீர் வடிகாலில் சேர்ந்திருந்தால் அது இன்னும் பெரிய குற்றம், மாநகராட்சி இணைப்பைத் துண்டித்து அபராதமும் போடும். அதை விண்ணப்பத்துக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

அடுத்தது லெவல். மேஸ்திரிகள் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் ட்யூப் போதும். முதல் சேம்பரின் அடிமட்டத்துக்கும் கடைசி சேம்பரின் அடிமட்டத்துக்கும் எவ்வளவு இறக்கம் என்று பாருங்கள். எங்கள் வடிகால் 60 மீட்டர். 200க்கு 1 என்ற சரிவில் 30 செ.மீ. இறங்க வேண்டும். அளந்தபோது 11 செ.மீ.தான் இருந்தது. பிறகு வாசலில் சாலையோர வடிகாலின் அடிமட்டத்தையும் ஒப்பிடுங்கள். சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்த்திய தெருக்களில் வளாகம் பள்ளமாகியிருக்கும். அங்கே வடிகால் நிரம்பினால் தண்ணீர் உள்ளே திரும்பும். அப்படி இருந்தால் இணைப்பில் தண்ணீரை வெளியே மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும், அதைப் புதிய வரைபடத்தில் சேர்க்க வேண்டும்.

முடிந்தால் ஒரு நல்ல மழை நாளில் குடையோடு இன்னொரு சுற்று நடங்கள். காய்ந்த தரையில் தெரியாதது அன்றைக்குத் தெரியும்.

படி 3: என்ன மாறியிருக்கிறது என்று கணக்குப் போடுவது

தரை மாறினால் ஓடிவரும் தண்ணீரின் அளவும் மாறும். மொட்டைமாடியிலும் பேவர் பிளாக்கிலும் விழும் மழையில் பெரும்பகுதி ஓடிவிடும், எங்கள் கணக்குக்கு 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம். தோட்ட மண்ணில் ஏறக்குறைய 25 சதவீதம்தான் ஓடும், மீதி உள்ளே இறங்கும்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். தோட்டமாக இருந்து பார்க்கிங் ஆன இடம் 2 கிரவுண்ட், அதாவது 446 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் அதன் மேல் விழுவது 22,300 லிட்டர். தோட்டமாக இருந்தபோது ஓடியது சுமார் 5,600 லிட்டர். கல் பதித்த பிறகு ஓடுவது சுமார் 20,000 லிட்டர். வித்தியாசம் 14,000 லிட்டருக்கு மேல், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றைவிட அதிகம். அது அத்தனையும் முன்பு போட்ட அதே குழாயில், அதே ஒரு மணி நேரத்தில் போக வேண்டும். கூட்டத்தில் இந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோதுதான், ‘ஏன் செலவு செய்ய வேண்டும்’ என்ற கேள்வி நின்றது.

படி 4: யாரிடம் போக வேண்டும்

மாற்றத்தின் தன்மையைப் பொறுத்து வழி பிரியும். கட்டடப் பரப்போ, திறந்தவெளியோ, வாகனப் பாதையோ மாறியிருந்தால் திருத்திய திட்ட அனுமதி தேவைப்படும். பதிவுபெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ வரைபடம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பழைய அனுமதியை எந்த அலுவலகம் தந்ததோ அங்கேயேதான் தொடக்கம். சிஎம்டிஏ என்றால் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகை. தண்ணீர் ஓடையிலோ ஏரியின் கால்வாயிலோ போய் விழும் இடம் மாறியிருந்தால் நீர்வளத் துறையின் சான்றையும் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் மனை எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில்தான் இருக்கும். சாலையோர வடிகாலில் புதிய இணைப்பு என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம். உங்கள் வார்டின் உதவிப் பொறியாளரை முதலில் பாருங்கள்.

விண்ணப்பத்தோடு பொதுக்குழுத் தீர்மானம், பழைய அனுமதியின் நகல், தரையில் உள்ளபடி போட்ட வரைபடம், மாற்ற விரும்பும் வரைபடம், படி 3இல் போட்ட கணக்கு, எண் எழுதிய மூடிகளின் புகைப்படங்கள் ஆகியவற்றை வையுங்கள். ‘உள்ளபடி’ வரைபடமும் ‘மாற்ற விரும்பும்’ வரைபடமும் தனித்தனித் தாளாக இருக்கட்டும். ஒரே தாளில் இரண்டையும் போட்டால் அதிகாரி கேட்கும் முதல் கேள்வியே ‘இதில் எது இருக்கிறது, எது வரப்போகிறது’ என்பதாக இருக்கும். விண்ணப்பம் கொடுத்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பில்டரே மாற்றியிருந்தால் இன்னொரு கதவும் உண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016இன் 14ஆம் பிரிவுப்படி, ஒப்புதல் பெற்ற மனை அமைப்பையும் பொதுப் பகுதிகளையும் மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து சொன்னால், 30 நாளுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். வடிகாலில் சரிவு போதவில்லை என்பதை இந்தக் குறைகளில் ஒன்றாக எழுதிக் கேட்கலாம். ஒப்படைப்புத் தேதியைப் பார்த்து, 5 ஆண்டு முடிவதற்குள் எழுத்து மூலம் கேளுங்கள்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரலில் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது சாலை வெட்டும் வேலையை மாநகராட்சி நிறுத்திவைப்பது வழக்கம். ஆகஸ்டில் விழித்துக்கொண்டால் அந்த வருட மழைக்கு இணைப்பு கிடைக்காது.

படி 5: பராமரிப்பு ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதுவது

பழைய ஒப்பந்தத்தில் இரண்டு வரி அடித்துத் திருத்துவதைவிடப் புதிதாகவே எழுதிவிடுவது நல்லது. முதலில் யாருக்கும் யாருக்கும் இடையே என்பது. பல வளாகங்களில் இன்னும் பில்டரின் பெயரிலேயே ஒப்பந்தம் ஓடுகிறது. பதிவு செய்த சங்கத்தின் பெயர், பதிவு எண், கையெழுத்திடும் அதிகாரம் தந்த தீர்மானத்தின் தேதி மூன்றும் வர வேண்டும்.

பிறகு இணைப்புப் பட்டியல். ‘வளாகத்தின் அனைத்து மழைநீர் அமைப்புகளும்’ என்றோ, ‘14 சேம்பர்’ என்று வெறும் எண்ணிக்கையாகவோ ஒருபோதும் எழுதாதீர்கள். எங்கள் பதினான்காவது மூடி தொலைந்தது அந்த மாதிரியான வரியில்தான். சேம்பர் 1 முதல் 14 வரை, கசிவுநீர்க் கிணறு 1 முதல் 5 வரை, ஒவ்வொன்றின் இடம், ஆழம், உறையின் விட்டம், உள்ளே உள்ள ஜல்லி, மணல் அடுக்கின் கனம், வால்வு எங்கே, பம்ப் எத்தனை குதிரைத்திறன் என்று வரிசையாக வரட்டும். வரைபடத்தின் எண்ணும் மூடியில் எழுதிய எண்ணும் பட்டியலின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வேலைகளுக்கு மாதம் குறிப்பிடுங்கள். செப்டம்பர் 30க்குள் எல்லா சேம்பரிலும் வண்டல் எடுத்தல், மொட்டைமாடி வலைகளைச் சுத்தம் செய்தல், பம்பை ஓட்டிப் பார்த்தல். நவம்பர் நடுவில் ஒரு சோதனை. ஜனவரியில் கசிவுநீர்க் கிணறுகளின் மேல் மணலை எடுத்துக் கழுவிப் போடுதல் அல்லது மாற்றுதல். கோடை மழைக்குப் பிறகு ஒரு பார்வை. எடுத்த வண்டலை அன்றே வளாகத்துக்கு வெளியே முறையாக அகற்ற வேண்டும் என்று எழுதுங்கள். மூடிக்குப் பக்கத்தில் குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். கனமழை எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும் என்பதும் இருக்கட்டும்.

இப்போது சொல்லப்போவதை எந்த வளாகமும் விடக் கூடாது. ஆழமான கிணற்றிலோ மூடிய தொட்டியிலோ ஆளை இறக்காதீர்கள். கழிவுநீர்க் குழாயிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. ‘இது மழைநீர்க் கிணறுதானே’ என்று நினைக்க வேண்டாம். மூடிக் கிடந்த கிணற்றில் இலைதழை அழுகி, மூச்சுவிடக் காற்றில்லாமல் போயிருக்கும், கழிவுநீர் கசிந்து கலந்திருந்தால் விஷவாயுவும் இருக்கும். இறங்கியவர் சத்தம் போடக்கூட நேரம் இருக்காது. அதனால் ‘வண்டல் இயந்திரத்தால் மட்டுமே எடுக்கப்படும், எந்தச் சூழலிலும் ஆள் இறங்கக் கூடாது’ என்று தனி வரியாக, தடித்த எழுத்தில் போடுங்கள். அதனால் விலை கூடுகிறது என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் கூடட்டும். எங்கள் குழுவில் இதை நாங்கள் ஒரு நிமிடம்கூட விவாதிக்கவில்லை.

பணம் கொடுப்பதை வருகையோடு கட்டுங்கள். ஒவ்வொரு மூடிக்கும் திறப்பதற்கு முன்னும் பின்னும் எண் தெரியும்படி ஒரு படம், அளவுகோல் வைத்து வண்டல் உயரம். 14 மூடிக்கு 28 படம் வந்தால்தான் பில் பாஸ்.

கடைசியாக ஒரு வரி: வரைபடம் திருத்தப்பட்டால் 15 நாளுக்குள் இணைப்புப் பட்டியலும் திருத்தப்பட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். நாளைக்கு யாராவது ஜிம்முக்கோ ஈவி சார்ஜிங்குக்கோ தரையைத் தோண்டினால் இந்த வரிதான் கைகொடுக்கும். முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு முடியுங்கள்.

படி 6: அடுத்த குழுவுக்கு ஒப்படைப்பது

அசோசியேஷன் குழுக்கள் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் கோப்பு யாருடைய வீட்டு அலமாரியிலும் இருக்கக் கூடாது. அசல் அலுவலக அறையில், ஸ்கேன் செய்த நகல் சங்கத்தின் மின்னஞ்சலில். வரைபடத்தின் ஒரு பிரதியை லேமினேட் செய்து செக்யூரிட்டி அறைச் சுவரில் மாட்டுங்கள். அதன் கீழே பெரிய எழுத்தில் மூன்று தொடர்பு எண்கள்: ஒப்பந்தக்காரர், சங்கச் செயலாளர், மாநகராட்சிப் புகார் எண் 1913. இரவுப் பணிக் காவலரை ஒரு முறை கூட்டிக்கொண்டு போய், எந்த மூடி எங்கே இருக்கிறது, பம்ப் ஸ்விட்ச் எங்கே என்று காட்டிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறும்போது விழித்திருப்பவர் அவர்தான்.