குரல் பதிவில் இரைச்சல்: முதலில் குறையுங்கள், அப்புறம் ஒலியைக் கூட்டுங்கள்

பேச ஆரம்பிக்கும் முன் ஐந்து விநாடி சும்மா இருந்து, அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். பிறகு ஆடாசிட்டியில் (ஒலிப்பதிவைத் திருத்தும் இலவச மென்பொருள்தான்) அந்த ஐந்து விநாடியை மட்டும் தேர்வு செய்து, 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' போய் 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' அழுத்துங்கள். அடுத்து முழுப் பதிவையும் தேர்வு செய்து, அதே இடத்துக்குத் திரும்பப் போய் இரைச்சலைக் குறைக்கும் அளவை 12 டெசிபல் என்று வைத்து ஓகே கொடுங்கள். 'கம்ப்ரஸ்ஸர்' (சத்தமான, மெல்லிய இடங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் குறைப்பது), 'நார்மலைஸ்' (முழுப் பதிவின் ஒலியையும் ஒரு உச்ச அளவுக்குக் கொண்டுவருவது) எல்லாம் இதற்குப் பிறகுதான். நார்மலைஸில் உச்ச அளவு -1 டெசிபல் போதும்.

மின்விசிறி, ஏசி போன்றவற்றின் இரைச்சல் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். அந்த ஐந்து விநாடியில் எந்தெந்த அலைவரிசையில் எவ்வளவு இரைச்சல் என்று மென்பொருள் கற்றுக்கொண்டு, குரல் இல்லாத இடங்களில் அதை அடக்குகிறது. கம்ப்ரஸ்ஸரை முதலில் போட்டால் இரைச்சல் பேச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும். எடுத்து வைத்த மாதிரியோடு ஒத்துப்போகாது. 12 போதவில்லை என்று 24, 30 என ஏற்றினால் குரல் தண்ணீருக்குள் பேசுவது போலாகிவிடும். லேசான இரைச்சல் மிச்சமிருப்பதே மேல்.

ஹாரன், நாய்க் குரைப்பு, பக்கத்தில் இன்னொருவர் பேச்சு, அறையின் எதிரொலி ஆகியவற்றுக்கு இது உதவாது. ஒலி அதிகமாகி உடைந்துபோன பதிவையும் இது சரிசெய்யாது.