காற்றுத் துப்பாக்கிக் குழலில் ஈயக்குண்டு சிக்கிக்கொண்டால்

விசையை அழுத்துகிறீர்கள். வழக்கமான சத்தத்துக்குப் பதிலாக அடங்கிய ஒரு ‘புஸ்’ மட்டும் கேட்கிறது. அட்டையில் புதிய துளை இல்லை. மின்னணு இலக்காக இருந்தால் திரையில் புள்ளி விழவில்லை. பக்கத்துத் தடத்தில் சுடுபவரின் இலக்கிலும் கூடுதல் அடையாளம் எதுவும் இல்லையென்றால், குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

கோலாலம்பூரில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி பழகும் நம் பிள்ளைகளுக்காகவும், அவர்களை வார இறுதியில் சுடுதளத்துக்கு அழைத்து வரும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். இது அமுக்கிய காற்றுச் சிலிண்டர் பொருத்திய போட்டித் துப்பாக்கிகளுக்கான முறை. குழலை மடக்கிச் சுருள்வில்லை அமுக்கும் வகை வேறு. அதில் திறந்த குழல் திடீரென மூடிக்கொண்டால் விரல் போய்விடும். புதியவர்கள் அதைத் தாமாகத் தொடவே வேண்டாம்.

முதலில் செய்யக் கூடாதது

“இன்னொரு குண்டு போட்டுச் சுட்டால் அது முன்னதைத் தள்ளிக்கொண்டு போகாதா, கோச்?” புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் கேட்கும் கேள்வி இது. போகாது. ஈயம் மென்மையான உலோகம். பின்னாலிருந்து மோதும் குண்டு முன்னதை நசுக்கி அகலப்படுத்தும். அகன்ற ஈயம் குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் திருகு வரிகளுக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒரு குண்டை எடுக்கும் வேலை இரண்டு குண்டை எடுக்கும் வேலையாகிவிடும். முன்வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் திணித்துச் சுடும் பழங்காலத் துப்பாக்கியில் இந்த அவசரம் குழலையே வெடிக்கச் செய்யும். நம்முடையதில் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், கையாள்வதில் அதே பொறுமை வேண்டும்.

படி 1: முனை இலக்கை நோக்கியே இருக்கட்டும்

விரலை விசையிலிருந்து எடுங்கள். துப்பாக்கியைத் திருப்பாதீர்கள், முனைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். ஒரு கையை உயர்த்தித் தள அதிகாரியை அழையுங்கள். போட்டியில் இருந்தாலும் பயிற்சியில் இருந்தாலும் இதுவே முறை. அவர் வந்து அனுமதி தரும்வரை அடுத்த படி கிடையாது.

படி 2: காற்றை வெளியேற்றுங்கள்

குண்டு இடும் நெம்புகோலைத் திறந்து, அறையில் வேறு குண்டு இல்லை என்று பாருங்கள். பிறகு சிலிண்டரைக் கழற்றுங்கள். பலர் இதோடு காற்று தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். தீரவில்லை. அழுத்தத்தைச் சீராக்கும் அறைக்குள் ஓரிரு முறை சுடப் போதுமான காற்று மிச்சம் இருக்கும். அதிகாரியின் அனுமதியோடு, முனை இலக்கை நோக்கியிருக்க, குண்டில்லாமல் நெம்புகோலை மூடி விசையை அழுத்துங்கள். சத்தம் முற்றிலும் நிற்கும்வரை இப்படிச் செய்யுங்கள். காற்றும் குண்டும் இல்லாமல் விசையை மட்டும் பழகும் வெற்றுப் பயிற்சிக்கான பொத்தான் போட்டிருந்தால் காற்று வெளியேறாது. அதை முன்பே மாற்றிவிடுங்கள்.

இந்த மிச்சக் காற்றே சில சமயம் குண்டை வெளியே தள்ளிவிடும். அதனால்தான் முனையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

படி 3: எங்கே நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

குழலில் குண்டு இல்லை என்று காட்ட அதற்குள் விட்டுவைக்கும் பாதுகாப்புக் கொடிக் கயிறு உங்களிடம் இருக்கும். பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் விதிகளின்படி காற்றுத் துப்பாக்கிக்கான கயிறு குழல் முழுவதும் ஊடுருவும் நீளத்தில் இருக்க வேண்டும். அது வழியில் நின்றுவிட்டால் அடைப்பு இருப்பது உறுதி.

சரியான இடத்தை அறியத் தண்டு வேண்டும். குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டர், ஆகவே அதைவிடச் சற்று மெல்லிய பித்தளைத் தண்டோ, பிளாஸ்டிக் உறையிட்ட துப்புரவுத் தண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நுனி தட்டையாக இருக்க வேண்டும். எஃகுக் கம்பி, குடைக் கம்பி, சைக்கிள் ஆரக்கால் எதுவும் கூடாது. பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் வெறும் 0.5 மில்லிமீட்டர். குழல் வாயின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால், வெளியேறும் குண்டின் பின்னால் காற்று ஒருபக்கமாகக் கசிந்து அதன் பாதையைக் கெடுக்கும். அந்த விளிம்புதான் துப்பாக்கியிலேயே அருமையான இடம்.

முனையில் திருகியிருக்கும் காற்றுப் பிரிப்பானைக் கழற்றிவிட்டு, தண்டை மெதுவாக விட்டு, தடுக்கும் இடத்தில் வாயோடு ஒட்டி ஒரு நாடாவைச் சுற்றுங்கள். தண்டை வெளியே எடுத்துக் குழலுக்கு இணையாகப் பிடித்தால் குண்டு நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

படி 4: பின்னோக்கித் தள்ளுங்கள்

பெரும்பாலான போட்டித் துப்பாக்கிகளில் பின்புறமிருந்து தண்டை நேராக நுழைக்க வழியில்லை. மேலும் பல குழல்கள் முனைப்பக்கம் மிக நுண்ணிய அளவில் குறுகியிருக்கும். ஆகவே முனையிலிருந்து குண்டு இடும் அறையை நோக்கித் தள்ளுவதே எளிது.

துப்பாக்கி எண்ணெயில் ஒரு துளியைத் தண்டின் நுனியில் தொட்டு உள்ளே விட்டு, பத்து நிமிடம் காத்திருங்கள். துருநீக்கும் ஸ்பிரே வேண்டாம். அது ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். நெம்புகோல் திறந்திருக்கட்டும். அறையில் மடித்த மெல்லிய காகிதத்தை வையுங்கள். இடது கை விரல்களால் குழல் வாயருகே தண்டை நடுவில் நிறுத்தி, வலது கையால் ஒரே சீராக அழுத்துங்கள். குத்தாதீர்கள். முதலில் அசையாது, பிறகு திடீரென இளகும். இளகியதும் அழுத்தத்தைக் குறையுங்கள், ஏனென்றால் அறையின் வாயிலில் இருக்கும் ரப்பர் வளையத்தைத் தண்டு கிழித்துவிடக் கூடாது.

கை அழுத்தத்துக்கு வரவில்லையா? அங்கேயே நிறுத்துங்கள். பழைய துப்பாக்கிகளில் ஈயத்துக்குள் திருகாணியைச் செலுத்தி இழுப்பார்கள், 4.5 மில்லிமீட்டர் குழலில் அந்தத் திருகாணி வரிகளைத்தான் கீறும். துளையிடுவதும் சூடாக்குவதும் அதைவிடக் கேடு. கழகத்தின் துப்பாக்கிப் பழுதுநீக்குநரிடம் ஒப்படையுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவின் கருவிப்பெட்டியைத் திறக்கும் எண்ணம் அறவே வேண்டாம். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கருதுகிறது.

படி 5: துடைத்து, சரிபார்த்து, மறுபடி சுடுங்கள்

வெளியே வந்த குண்டுகளை எண்ணுங்கள். ஒன்று என்று நினைத்த இடத்தில் இரண்டு வரலாம். கம்பளித் துண்டு கோத்த கயிற்றைப் பின்னிருந்து முன்னாக இழுத்து, எண்ணெய்ப் பசை போகும்வரை துடையுங்கள். எண்ணெய் தங்கினால் அடுத்த குண்டுகள் எங்கெங்கோ போகும். நம் ஊர் ஈரப்பதத்தில் குளிர்சாதன அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் உலோகத்தில் நீர் பூக்கும், அதையும் துடையுங்கள். கொடிக் கயிறு தடையின்றி முழுதும் போய்வந்த பிறகே சிலிண்டரைப் பொருத்துங்கள். முதல் சில குண்டுகள் விலகி விழுந்தால் குறியைத் திருகாதீர்கள். துடைத்த குழல் பழைய நிலைக்கு வரச் சில குண்டுகள் பிடிக்கும்.

காரணத்தையும் தேடுங்கள். எடுத்த குண்டைப் பாருங்கள்: பின்பக்கப் பாவாடை போன்ற விளிம்பு நசுங்கியிருந்தால் டப்பாவிலேயே கெட்ட குண்டு. தலைகீழாக இருந்தால் அவசரத்தில் மாற்றி வைத்திருக்கிறீர்கள். குண்டில் குறையே இல்லையென்றால் சிலிண்டரின் அழுத்தமானியைப் பாருங்கள். 200 பார் (காற்றழுத்த அலகு) வரை நிரப்பும் சிலிண்டரின் அழுத்தம் மிகக் கீழே இறங்கியிருக்கும். புதியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இந்தக் காரணத்தைத்தான். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் அழுத்தத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதச் சொல்கிறேன்.

கடைசியாக, கைகளைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நசுங்கிய ஈயத்தைத் தொட்ட விரல்களோடு ரொட்டி சானாயைப் பிய்க்க வேண்டாம். சிறு பிள்ளைகளுடன் வரும் பெற்றோர் இதை நின்று கவனியுங்கள்.