கட்டிலடிப் பையில் கிடக்கும் பாதித் தையல்: மழைக்கு முன் ஒரு செய்முறை

மும்பையில் ஒரு ரூம் கிச்சன் வீட்டில் தையல் மெஷினுக்கு இடம் கிடைப்பதே பெரிய காரியம். கூடவே கழுத்து மட்டும் முடிந்த குர்த்தா, கை ஏற்றாத பிளவுஸ், ஜிப் வைக்காத பை என்று ஒரு மூட்டையும் கட்டிலடியில் சேர்ந்துவிட்டால், புதிதாக எதையும் தைக்க மனசு வராது.

இந்த மூட்டையைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சோம்பேறித்தனம் என்பார்கள். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அப்படித் தெரியாது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றிருக்கும். அந்த இடத்தில் தேவையான பொருள் இல்லாமல் போயிருக்கும், இல்லை அந்த வேலை கைக்கு வந்திருக்காது, இல்லை உடம்பின் அளவு மாறியிருக்கும், இல்லை அந்தத் துணி மேல் இருந்த ஆசையே போயிருக்கும். நாலில் எது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. ஜூன் மழைக்கு முன், மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்குப் போதும்.

முதலில் மெஷின்

துணியைத் தொடுவதற்கு முன் மெஷின் ஓடுகிறதா என்று பாருங்கள். நின்றுபோன தையல்களில் சில மெஷின் மக்கர் பண்ணியதால் நின்றவை. பழியைத் துணி சுமந்துகொண்டிருக்கும்.

ஊசியை மாற்றுங்கள். சாதாரண காட்டனுக்கு 14ஆம் நம்பர், மெல்லிய வாயில், ஜார்ஜெட்டுக்கு 11, டெனிம் போன்ற தடித்த துணிக்கு 16. ஊசியில் ஒரு பக்கம் நீளமான பள்ளம் இருக்கும். நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் கோக்கப்பட வேண்டும். திருப்பி மாட்டினால் தையல் விட்டு விட்டு விழும். ஷட்டிலிலும் (அடிநூல் பாபின் உட்காரும் இடம்), துணியை நகர்த்தும் பற்களுக்கு நடுவிலும் அடைந்த பஞ்சைப் பழைய பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, ஓட்டைகளில் ஒவ்வொரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, நூல் இல்லாமல் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளாக ஆக அது பிசினாகி மெஷின் இறுகிப்போகும். கால் மெஷினில் தோல் பெல்ட் தளர்ந்து வழுக்கினால் அரை இஞ்ச் வெட்டி மறுபடி கொக்கி போட்டால் சரியாகிவிடும்.

இரண்டாக மடித்த வேஸ்ட் துணியில் தைத்துப் பாருங்கள். அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் பலரும் பாபினைத்தான் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் தவறு மேல்நூலில்தான்: ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நூல் உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி கோக்கவும்.

எல்லாவற்றையும் விரித்து, சீட்டு எழுதுங்கள்

படுக்கை மேல் பழைய வேட்டி ஒன்றை விரித்து எல்லாத் துணிகளையும் பரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னச் சீட்டு. அதில் மூன்றே விஷயம்: எங்கே நின்றது, ஏன் நின்றது, முடிக்க எத்தனை நிமிடம். "நீலக் குர்த்தா, வலது கை, சுருக்கம் விழுது, 40 நிமிடம்" என்பது போல. "தைக்கணும்" என்று மட்டும் எழுதினால் அந்தச் சீட்டால் பயனில்லை.

விரிக்கும்போதே குண்டூசிகளை எல்லாம் உருவிவிடுங்கள். துணியில் குத்தி வைத்த ஊசி இந்த ஊர் ஈரத்தில் துருப்பிடித்துக் கறை விட்டுவிடும். குத்திய இடம் தெரிய வேண்டுமானால் அங்கே கையால் நூலோட்டிவிடுங்கள். ஏற்கெனவே துருக்கறை இருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து அலசிப் பாருங்கள். சாயம் போகுமா என்று முதலில் உள்தையல் ஓரத்தில் சோதித்துக்கொள்ளவும். குளோரின் பிளீச் போட்டால் துருக்கறை இன்னும் அழுத்தமாகிவிடும்.

இனி நாலு குவியல்.

பொருள் இல்லாமல் நின்றவை

இதுதான் சுலபமான குவியல். ஆனால் நாலு ஹூக்குக்காக ஒரு நாளும், ஜிப்புக்காக ஒரு நாளும் அலைந்தால் எதுவும் முடியாது. எல்லாச் சீட்டுகளையும் பார்த்து ஒரே பட்டியலாக எழுதி, ஒவ்வொரு துணியிலிருந்தும் ஒரு சின்னத் துண்டு வெட்டிப் பட்டியலோடு குத்திக்கொள்ளுங்கள். நிறத்தை நினைவில் வைத்து நூல் வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் வேறு நிறமாகத் தெரியும். கடை டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பாருங்கள். சரியான நிறம் இல்லையென்றால் ஒரு சாயல் கறுத்த நூலை எடுங்கள், வெளுத்ததுதான் கண்ணை உறுத்தும்.

மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தாதர் ஹிந்த்மாதா துணிக்கடைகள் கிட்டத்தில். துணியே நிறைய வேண்டுமென்றால் சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் இறங்கி கிராஃபோர்ட் மார்க்கெட் தாண்டி மங்கள்தாஸ் மார்க்கெட். லேஸ், பார்டருக்குப் புலேஷ்வர். இதெல்லாம் வேண்டாம், வீட்டருகே உள்ள மேச்சிங் சென்டரே போதும் என்றால் அதுவும் சரி. கடையில் கேட்கும் இந்தி வார்த்தை மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: லைனிங்குக்கு அஸ்தர், நூலுக்கு தாகா, அமுக்கும் பட்டனுக்கு டிச் பட்டன், காஜாவுக்கு (பட்டன் துளைக்கு) காஜ். லைனிங் துணியை வாங்கியதும் ஒரு மணி நேரம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து அயர்ன் செய்த பிறகே வெட்டவும். நனைக்காத காட்டன் லைனிங் முதல் சலவையில் சுருங்கி, மேல்துணி பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும்.

எலாஸ்டிக் வேலைக்கு ஒரு குறிப்பு. இரண்டு வருடம் மூட்டையில் கிடந்த எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். கறகறவென்று சத்தம் வந்தால் உள்ளே ரப்பர் இற்றுவிட்டது, புதிதாக வாங்குங்கள்.

காஜாவில் நிற்பவற்றை வீட்டில் கஷ்டப்பட்டுப் போட வேண்டியதில்லை. காஜ் பட்டன் போடும் கடையில் எல்லாவற்றையும் ஒரே நடையில் கொடுத்துவிடலாம். இடத்தை மட்டும் நீங்கள் சாக்கால் குறித்துக் கொடுங்கள். மார்பு அதிகம் அகலும் இடத்தில் ஒன்று கட்டாயம் வர வேண்டும், அதிலிருந்து மேலும் கீழும் பிரித்துக்கொள்ளலாம். கடைக்காரர் கணக்குப்படி சமமாகப் போட்டால் சரியாக அந்த இடத்தில்தான் வாய் பிளக்கும்.

கைக்கு வராமல் நின்றவை

இந்தக் குவியலில் பெரும்பாலும் இருப்பது கை ஏற்றும் வேலைதான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இஞ்ச் டேப்பைப் படுக்கவைக்காமல் அதன் ஓரத்தில் நிறுத்தி, உடையின் உடம்புப் பகுதியில் ஆர்ம்ஹோலின் (கை ஏற்றும் வளைவின்) தையல் கோடு வழியாகச் சுற்றி அளக்கவும். பிறகு கையின் மேல்வளைவையும் தையல் கோட்டிலேயே அளக்கவும். கை வளைவு 1 இஞ்ச் வரை கூடுதலாக இருப்பது சரிதான், தோள் உருண்டைக்கு அந்தத் துணி வேண்டும். 2 இஞ்ச் கூடினால் எத்தனை முறை பிரித்துத் தைத்தாலும் சுருக்கம் விழும். அது உங்கள் கையின் குற்றமில்லை, வெட்டின் குற்றம்.

கூடுதலைக் குறைக்க, உடம்பின் ஆர்ம்ஹோலை அக்குளில் மட்டும் கால் இஞ்ச் கீழே இறக்கி வெட்டுங்கள். முன்னும் பின்னுமாகச் சுற்றளவு ஏறக்குறைய அரை இஞ்ச் கூடும். ஒரேயடியாக அதிகம் இறக்காதீர்கள். அக்குள் தாழ்ந்தால் கையைத் தூக்கும்போது முழு உடையும் மேலே இழுக்கும். ஆர்ம்ஹோல்தான் பெரிது, கை சிறியது என்றால் பக்கத் தையலைக் கால் இஞ்ச் உள்ளே பிடிக்கலாம். உடம்பில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் போட்டுப் பார்க்கவும்.

அடுத்து, இடது வலது சரியா என்று பாருங்கள். கையின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் குடைந்து வெட்டப்பட்டிருக்கும். துணியை விரித்துவைத்து இரண்டு முறை ஒரே மாதிரி வெட்டியிருந்தால் உங்களிடம் இருப்பது இரண்டு இடது கைகள். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் துணியானால் ஒன்றைத் திருப்பிப் போட்டுத் தப்பிக்கலாம். பிரிண்ட் துணியானால் புதுக் கைதான் வெட்ட வேண்டும். இனிமேல் முன்பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு, பின்பக்கத்தில் இரண்டு என்று அடையாளம் வைத்துவிட்டால் இந்தத் தவறு வராது.

இப்போது தைக்கலாம். கை வளைவின் மேல்பாதியில் தையல் நீளத்தை 4 அல்லது 5க்கு மாற்றி, ஓரத்திலிருந்து கால் இஞ்சில் ஒரு வரி, அதையொட்டி இன்னொரு வரி. நுனி நூலை வெட்டாமல் நீளமாக விட்டுவிடுங்கள். கையின் உச்சியைத் தோள் தையலோடு சேர்த்து ஒரு குண்டூசி, அக்குளில் இரண்டு, நடுவில் இரண்டு. பாபின் நூலை மெதுவாக இழுத்து மிச்சத் துணியைச் சமமாகப் பரப்பவும். கொசுவம் போலத் தெரியக்கூடாது, லேசாகக் குவிந்திருந்தால் போதும். மெஷினில் வைக்கும்போது கை கீழே, உடம்பு மேலே. பற்கள் அடித்துணியைக் கொஞ்சம் வேகமாக இழுத்துக்கொள்ளும், அதனால் மிச்சம் தானாக அமரும். மாற்றி வைத்தால் அந்த மிச்சமெல்லாம் ஊசிக்கு முன்னால் வந்து மடிப்பாகிவிடும். தையல் நீளத்தை மறுபடி 2.5க்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

தவறினால் பிரிக்கலாம். ரிப்பரால் (தையல் பிரிக்கும் கருவியால்) ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்துவிட்டு, மறுபக்க நூலை இழுத்தால் நேராக வந்துவிடும். இரண்டு துணிகளையும் பிடித்துப் பிய்த்து இழுக்காதீர்கள். ஆர்ம்ஹோலும் கழுத்தும் கிராஸில் (இழைக்குச் சாய்வாக) வெட்டப்பட்ட இடங்கள். ஒருமுறை இழுபட்டால் திரும்ப அளவுக்கு வராது. ஒரே இடத்தை மூன்று தடவை பிரித்தாகிவிட்டது என்றால் அன்றைக்கு மெஷினை மூடிவிடுங்கள்.

அளவு மாறியவை

பக்கத் தையலுக்கு உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி விட்டிருந்தால் கவலை இல்லை. பக்கத் தையலை அரை இஞ்ச் வெளியே தள்ளினால் முன்னும் பின்னும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 1 இஞ்ச், இரு பக்கமும் சேர்ந்து 2 இஞ்ச் கிடைக்கும். புதுத் தையலைப் போட்ட பிறகே பழையதைப் பிரிக்கவும். பட்டு, சாட்டின் என்றால் முதலில் 2 இஞ்ச் நீளத்துக்கு மட்டும் பிரித்துப் பாருங்கள். ஊசித் துளை தெரிந்தால் தெரிந்ததுதான், அயர்ன் போட்டாலும் மறையாது.

வளர்ந்துவிட்ட குழந்தையின் பாதிப் பாவாடையைத் திறந்து அகலப்படுத்த முயல வேண்டாம். அக்கம்பக்கத்தில் அந்த அளவுக்கு ஒரு குழந்தை இருந்தால் முடித்துக் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த குவியலில் சேருங்கள்.

ஆசை போனவை

நிறம் பிடிக்கவில்லை, டிசைன் பழையதாகிவிட்டது, யாரோ சொன்னார்கள் என்று ஆரம்பித்தது. இவற்றை முடிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. வெட்டியாகிவிட்டதே என்று தயங்காமல் மறுபடி வெட்டுங்கள். ஒரு குர்த்தாவின் முன்னும் பின்னும் சேர்ந்தால் 16க்கு 16 இஞ்ச் குஷன் உறை ஒன்று வரும், ஜிப்பே இல்லாமல்.

முன்பக்கத்தில் ஆர்ம்ஹோலுக்குக் கீழே 17க்கு 17 ஒரு சதுரம். பின்பக்கத்தில் 17க்கு 12 இரண்டு துண்டுகள். பின்துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு 17 இஞ்ச் ஓரத்தைக் கால் இஞ்ச், பிறகு முக்கால் இஞ்ச் மடித்து அடிக்கவும். சதுரத்தை நல்ல பக்கம் மேலே தெரிய வைத்து, அதன்மேல் பின்துண்டுகளைக் கவிழ்த்துப் போடவும். மடித்த ஓரங்கள் நடுவில் 5 இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். நாலு பக்கமும் அரை இஞ்சில் சுற்றித் தைத்து, ஏறும் இடத்தில் இரட்டைத் தையல் போட்டு, மூலைகளைத் தையலுக்குக் கிட்டே சாய்வாக வெட்டித் திருப்பவும். உள்ளே பிசிறு நிறைய வரும் துணியானால் கடையில் இன்டர்லாக் (பிசிறு வராமல் ஓரத்தைச் சுற்றும் தையல்) போட்டுக்கொள்ளுங்கள். ஏற்றம் 3 இஞ்சுக்குக் குறைந்தால் குஷன் பின்னால் எட்டிப்பார்க்கும்.

திரும்ப எடுத்து வைக்கும்போது

எல்லாம் ஒரே நாளில் முடியாது. மிச்சத்தைத் துணிவாரியாக அடுக்காமல் நூலின் நிறவாரியாக அடுக்குங்கள். வெள்ளை நூல் வேலைகள் ஒரு பை, கறுப்பு ஒரு பை. நூல் மாற்றாமல் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் மூன்று ஓரம் அடித்துவிடலாம். பைக்குப் பழைய காட்டன் தலையணை உறையே நல்லது. துணியில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்து பாலிதீனில் கட்டி வைத்தால் செப்டம்பரில் பூஞ்சைப் புள்ளிதான் மிஞ்சும். வைப்பதற்கு முன் நன்றாக வெயில் காட்டுங்கள், சீட்டையும் உள்ளே போடுங்கள். சீட்டில் சாக் அடையாளங்களின் அளவையும் எழுதி வையுங்கள், சாக் உதிர்ந்துவிடும்.

மழை முடியும்வரை மெஷினைத் தொடப்போவதில்லை என்றால் ஊசியைக் கழற்றி, எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி வைக்கவும். ஃபுட்டுக்கு அடியில் ஒரு வேஸ்ட் துணியை மடித்து வைத்து இறக்கிவிடுங்கள். விட்ட எண்ணெய் வழிந்தால் அது உறிஞ்சிக்கொள்ளும், அடுத்து தைக்கும் துணியில் கறை படாது.