பிரிண்டரும் லேத்தும்: கழற்றுவதற்கு முன் பழுதின் இடத்தைக் கண்டறிதல்

கோவையில் கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பகுதிகளில் உள்ள சிறு பட்டறைகளில் முன்பக்க அறையில் பில்லும் டெலிவரி சலானும் அச்சிடும் பிரிண்டர் ஒன்று இருக்கும். பின்பக்கம் லேத்தும் கிரைண்டரும் கம்ப்ரசரும் ஓடிக்கொண்டிருக்கும். இவற்றில் எது நின்றாலும் சரக்கு வெளியே போகாது. மெக்கானிக்கை எதிர்பார்க்காமல் நாமே சரிசெய்யக்கூடிய பழுதுகள் பல உண்டு. ஆனால் ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே, இயந்திரத்தை மனத்தில் இரண்டாகப் பிரித்து, பழுது எந்தப் பாதியில் இருக்கிறது என்று ஒரு சோதனையால் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் சந்தேகத்தின்பேரில் பாகங்களை மாற்றினால், நல்ல பாகம் குப்பைக்குப் போய்ப் பழுது இயந்திரத்திலேயே தங்கிவிடும்.

எந்த வேலைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபியூசர் (டோனர் என்னும் மைத்தூளைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் பகுதி) ஆறும்வரை அரைமணி நேரம் பொறுங்கள். அந்தப் பகுதி ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறக்கூடியது. மும்முனை மோட்டாராக இருந்தால் மெயினை அணைத்து, மூன்று ஃபியூஸ் கேரியர்களையும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் விவரம் அறியாத இன்னொருவர் வந்து சுவிட்சைப் போட்டாலும் ஆபத்து நேராது. பிறகு மல்டிமீட்டரால் அளந்து மின்சாரம் இல்லை என்பதைப் பாருங்கள். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் விளக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

முதலில் லேசர் பிரிண்டர். கணினியைத் தொடாமல், பிரிண்டரின் சொந்தப் பொத்தான்களைக் கொண்டே ஒரு சோதனைப் பக்கம் எடுங்கள். அது நன்றாக வந்தால் பிரிண்டரில் குறையில்லை. கேபிளையோ கணினியின் அமைப்பையோ பார்க்க வேண்டும். அதுவும் மங்கலாகவோ அழுக்காகவோ வந்தால், தாள் பாதிவழியில் செல்லும்போது மின்சாரத்தை நிறுத்தி, கதவைத் திறந்து, கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டுத் தாளைப் பாருங்கள். டிரம்மை (எழுத்தின் உரு முதலில் விழும் உருளையை) தாண்டிய, ஆனால் ஃபியூசருக்குள் இன்னும் நுழையாத பகுதியில் எழுத்து தெளிவாக இருந்தால் குறை ஃபியூசரில் இருக்கிறது. அங்கேயே மங்கலாக இருந்தால் கார்ட்ரிட்ஜையோ, டிரம்மிலிருந்து டோனரைத் தாளுக்கு மாற்றும் டிரான்ஸ்பர் ரோலரையோ சந்தேகிக்க வேண்டும். டிரம்மின்மீது எழுத்து கருமையாக விழுந்து தாளில் மட்டும் ஏறவில்லை என்றால் டிரான்ஸ்பர் ரோலரே காரணம். டிரம்மை வெளிச்சத்தில் நெடுநேரம் வைக்கக் கூடாது என்பதால் பார்த்தவுடன் துணியால் மூடிவிடுங்கள். டிரான்ஸ்பர் ரோலரின் கறுப்பு நுரைப்பரப்பை விரலால் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் அச்சு மங்கும்.

ஒரே கறை ஒரே பக்கத்தில் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுமானால், அளவுகோலே போதுமான கருவி. இரண்டு கறைகளுக்கு இடையிலுள்ள தூரம், அந்தக் கறையை இடும் உருளையின் சுற்றளவுக்குச் சமம். அதை 3.14 ஆல் வகுத்தால் உருளையின் விட்டம் கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, 24 மி.மீ. விட்டமுள்ள டிரம்மில் கீறல் இருந்தால் சுமார் 75 மி.மீ.க்கு ஒருமுறை கறை விழும். அச்சைக் கையால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறதா? ஃபியூசரை விலைகொடுத்து வாங்குமுன், தடித்த அட்டையைச் சாதாரணத் தாள் என்ற அமைப்பில் அச்சிடுகிறோமா என்று பாருங்கள். தடித்த தாளுக்கு அதிகச் சூடு வேண்டும்.

தாள் உள்ளே ஏறாமல் தயங்குவது திருப்பூர்ப் பக்கத்தில் மிகச் சாதாரணமான குறை. பனியன் கம்பெனிக் காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசி, தாளை உள்ளே இழுக்கும் பிக்கப் ரோலரின் ரப்பரில் படிந்து, அதன் பிடிமானத்தைப் போக்கிவிடுகிறது. நூல் உதிராத துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்து, ரோலரை உருட்டி உருட்டித் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெட்ரோலும் தின்னரும் ரப்பரைக் கெடுக்கும். துடைத்த பிறகும் ரப்பர் கண்ணாடிபோல் பளபளத்தால் அது இறுகிவிட்டது, மாற்றுவதே வழி. சிந்திய டோனரை வெந்நீரால் கழுவாதீர்கள், அது உருகி ஒட்டிக்கொள்ளும்.

இனிப் பட்டறைக்குள் வருவோம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததிலிருந்து மில்களும் மோட்டார் பட்டறைகளும் பெருகிய இந்த வட்டாரத்தில் மோட்டாரின் கம்பிச்சுருளை, அதாவது காயிலை, புதிதாகக் கட்டித் தரும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே, மோட்டார் நின்றவுடன் அதைக் கழற்றி அங்கே கொண்டுபோய்விடும் வழக்கமும் வேரூன்றிவிட்டது. கழற்றுவதற்கு முன் பெல்ட்டை மட்டும் எடுத்துவிட்டு மோட்டாரைத் தனியே ஓட்டிப் பாருங்கள். தடையின்றி ஓடினால் குறை இயந்திரத்தின் பக்கம் இருக்கிறது: மின்சாரத்தை மீண்டும் துண்டித்து ஸ்பிண்டிலை (இயந்திரத்தின் சுழலும் முக்கியத் தண்டை) கையால் சுற்றினால் எங்கே இறுகுகிறது என்று தெரியும்.

மோட்டார் தனியாகவும் சுற்றாமல் உறுமினால் உடனே அணைத்துவிடுங்கள். அந்த நிலையில் சில நிமிடங்கள் விட்டால் காயில் கருகிவிடும். மும்முனை மோட்டார் இப்படி உறுமுவதற்கு மூன்று மின்முனைகளில் ஒன்று, அதாவது ஒரு பேஸ், வராமல் போவதே முதல் காரணம். மூன்று பேஸ்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து அளந்தால் ஒவ்வொரு முறையும் 415 வோல்ட்டுக்கு அருகில் வர வேண்டும். ஸ்டார்ட்டருக்குள் வரும் பக்கம் சரியாக இருந்து, வெளியேறும் பக்கம் ஒரு பேஸ் குறைந்தால், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் முனைகள் கருகியிருக்கின்றன என்று பொருள். உயிருள்ள மின்சாரத்தில் செய்யும் இந்த அளவீட்டைப் பழகியவர் மட்டுமே செய்ய வேண்டும். ஒருமுனை மோட்டாரில் பெரும்பாலும் கெப்பாசிட்டரே குற்றவாளி. அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் முனைகளைத் தொட்டுப் பொறி பறக்கவிடுவது தவறு. ஒரு ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மீட்டரில் வோல்ட் சுழியாவதைப் பார்த்த பின்பே மைக்ரோஃபேரட் அளவை எடுங்கள். புதியது அதே மைக்ரோஃபேரட் கொண்டதாக இருக்க வேண்டும். வோல்ட் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

ஆம்பியர் மிகும்போது மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுந்தால் அதன் அளவை ஏற்றிவைத்துத் தப்பிக்கப் பார்ப்பது மோட்டாரைக் கொல்லும் வழி. ரிலே எந்த இடத்தில் இணைக்கப்பட்டுள்ளது என்று முதலில் பாருங்கள். மோட்டாரைக் குறைந்த வோல்ட்டில் கிளப்பிப் பிறகு முழு வோல்ட்டுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே பெரும்பாலும் காயிலின் வழியில் இருப்பதால், பெயர்ப்பலகையிலுள்ள ஆம்பியரில் 58 விழுக்காட்டுக்கே அதை வைக்க வேண்டும். 14 ஆம்பியர் எனப் போட்டிருக்கும் மோட்டாருக்கு அது சுமார் 8.1 ஆகும். பலர் 14 என்றே வைத்துவிடுகிறார்கள், பிறகு காயில் கருகும்வரை ரிலே விழுவதே இல்லை. மின்கம்பத்தில் வேலை நடந்து மின்சாரம் திரும்பிய நாளில் லேத் எதிர்த்திசையில் சுற்றக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மரையால் பொருத்திய சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பகுதி) கழன்று தெறிக்க அது போதும். வேலையைப் பொருத்துமுன் திசையைப் பார்த்துவிடுங்கள். இரண்டு பேஸ்களை இடம் மாற்றினால் திசை திரும்பிவிடும்.

வி-பெல்ட் கீச்சிட்டால் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். புல்லிகளுக்கிடையே ஒவ்வொரு 100 மி.மீ. தூரத்துக்கும் சுமார் 1.6 மி.மீ. அமுங்குவது சரியான இறுக்கம். பெல்ட் புல்லிப் பள்ளத்தின் அடியைத் தொட்டு அடிப்பாகம் பளபளத்தால் தேய்ந்தது பள்ளமோ பெல்ட்டோ, இறுக்கிப் பயனில்லை. பல பெல்ட்டுகள் சேர்ந்து ஓடும் இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் நீண்டுபோன பழையவை சும்மா இருக்க, புதியதே சுமை முழுவதையும் தாங்கி அறுந்துவிடும்.

பேரிங் சத்தம் கேட்டால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 6205 என்பதில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் 25 மி.மீ. தண்டு என்று தெரியும். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும்; வெளிவளையத்தைச் சுத்தியால் தட்டினால் அந்த அடி குண்டுகளின் வழியே பாய்ந்து, புது பேரிங்கின் பாதையிலேயே பள்ளம் விழுந்துவிடும்.

கம்ப்ரசரில் ஒரு குறையை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் இதற்காகத் தேவையில்லாமல் மோட்டாரை மாற்றியவர்கள் உண்டு. மோட்டார் நின்றதும் பிரஷர் சுவிட்சின் அருகே ஓரிரு நொடி காற்று சீறுவது இயல்பு. அந்தச் சீற்றம் நிற்காமல் தொடர்ந்தால், காற்றை ஒரே திசையில் மட்டும் விடும், தொட்டியின் வாயிலுள்ள நான்-ரிட்டர்ன் வால்வு கசிகிறது. தொட்டியின் அழுத்தம் பம்ப் பக்கம் திரும்புவதால் மோட்டாரும் மறுபடி கிளம்பத் திணறும். வால்வைக் கழற்றுவதற்கு முன் தொட்டிக் காற்றை முழுவதும் வெளியேற்றி, கேஜின் முள் சுழியில் நிற்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழுது நீங்கியதும் மூன்று பேஸ்களின் ஆம்பியரையும் கிளாம்ப் மீட்டரால் அளந்து, தேதியுடன் ஸ்டார்ட்டர் பெட்டியின் உட்பக்கம் எழுதி வையுங்கள். வோல்ட்டில் உள்ள சிறு ஏற்றத்தாழ்வு ஆம்பியரில் ஆறு முதல் பத்து மடங்கு வரை பெருகித் தெரியும் என்பதால், பின்னொரு நாளில் ஒரு பேஸ் மட்டும் விலகத் தொடங்கினால் காயில் சூடேறுவதற்கு முன்பே அந்த எண்கள் காட்டிக்கொடுத்துவிடும்.