பாலிக் புலாவில் ஒரு சைக்கிள் சுற்று: மலையை வலப்பக்கம் வைத்து

மலேசியாவின் பினாங்குத் தீவில் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம் என்று கேட்டால், பாலத்தை ஒட்டிய கிழக்குக் கடலோரப் பாதையைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். நல்ல பாதைதான். ஆனால் பக்கத்திலேயே நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சல் வேண்டாம் என்றால் தீவின் நடுவே நிற்கும் மலைக்கு அந்தப் பக்கம், மேற்கே உள்ள பாலிக் புலாவுக்கு வாருங்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் வயலும் கம்பத்து (கிராமத்து) சந்துகளும். இருபது கிலோமீட்டருக்குள் வட்டமாகச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஐம்பதைத் தாண்டிய என் முட்டியும் என் அண்ணியின் முட்டியும் அதற்குச் சாட்சி.

முதலில், அங்கே போய்ச் சேருவது. பாயா தெருபோங் பக்கமிருந்து துன் சார்டோன் மலைச்சாலையைச் சைக்கிளிலேயே ஏறி இறங்கினால்தான் கெத்து என்று நினைக்கும் தம்பிகள் இருக்கிறார்கள். ஏறட்டும். வளைவுக்கு வளைவு காரும் லோரியும் உரசிக்கொண்டு போகும் அந்தச் சாலை நமக்கு வேண்டாம். சைக்கிளைக் காரில் போட்டுக்கொண்டு வருவதில் எந்தக் குறைவும் இல்லை. எங்கள் மைவி காரில் பின் சீட்டை மடக்கினால் மடக்கு சைக்கிள் இரண்டும் உள்ளே போய்விடும். பாயான் லெப்பாஸ் பக்கம் இருப்பவர்களுக்குத் தெலுக் கும்பார் வழி சுலபம். சைக்கிள் இல்லாதவர்கள் 401இ பேருந்தில் பாலிக் புலா டவுனுக்கு வந்து, வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது பிரேக்கையும் சீட்டின் உயரத்தையும் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். ரேஸ் சைக்கிள் மாதிரி ஒல்லி டயர் வேண்டாம், சந்துகளில் குண்டும் குழியும் உண்டு.

கிளம்பும் நேரம்தான் இந்தச் சுற்றின் சூட்சுமம். பினாங்கில் ஏழு மணிக்குச் சற்று முன்பின்னாகத்தான் விடியும். பாலிக் புலாவோ மலைக்கு மேற்கே இருக்கிறது. கிழக்கே இருக்கும் ஜார்ஜ்டவுனில் வெயில் விழுந்த பிறகும் சூரியன் இந்த மலைமுகட்டைத் தாண்டி வயலில் இறங்க எட்டு மணி ஆகிவிடும். அந்த இலவச நிழலை விடக்கூடாது. ஏழு மணிக்கு மிதிக்கத் தொடங்கினால் சுற்றின் வெட்டவெளிப் பகுதியில் பெரும்பாதி நிழலிலேயே முடிந்துவிடும். அரை இருட்டாக இருக்கும், முன்னும் பின்னும் விளக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பத்தரை மணிக்கு மேல் அங்கே ஓட்டுவது தண்டனை. வார இறுதியில் அந்த நேரத்துக்குப் பட்டணத்துக் கார்களும் வந்து, வயல் ஓரத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்.

அதனால்தான் கடிகாரம் சுற்றும் திசையில் போகச் சொல்கிறேன். டவுனிலிருந்து மேற்கே சுங்கை ரூசா, சுங்கை புரோங். அங்கிருந்து கடலை ஒட்டினாற்போல் வடக்கே ஜாலான் பாரு, பெர்மாத்தாங் பாசிர் வழியாகக் கோலா சுங்கை பினாங். பிறகு கிழக்கே திரும்பிச் சுங்கை பினாங், கடைசியில் தெற்கே தித்தி தெராஸ் வழியாக மறுபடி டவுன். மரமில்லாத வயல்வெளி முதலில் முடிந்துவிடும், வெயில் ஏறும்போது மலையடிவாரத்துப் பழத்தோட்ட நிழலில் வந்துகொண்டிருப்பீர்கள்.

வழி தெரியாமல் போகுமோ என்ற பயம் வேண்டாம். சந்துகளில் பெயர்ப்பலகை பார்த்து ஓட்ட முடியாது, கைப்பேசியை நொடிக்கொரு தரம் எடுத்தால் வாய்க்காலில்தான் விழ வேண்டும். மலையைப் பாருங்கள், போதும். புறப்படும்போது மலை முதுகுக்குப் பின்னால். வடக்கே திரும்பியதும் வலப்பக்கம். கோலா சுங்கை பினாங்கை விட்டதும் நேர் எதிரே. டவுனுக்குத் திரும்பும்போது இடப்பக்கம். மலை இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் எங்கோ தவறாகத் திரும்பிவிட்டீர்கள். சில சந்துகள் யாராவது வீட்டு வாசலிலோ வாய்க்கால் கரையிலோ போய் முடியும். திரும்பி வந்து அடுத்த சந்தைப் பிடியுங்கள்.

வயல் பகுதியில் வேகம் வேண்டாம். நெல் பச்சையாக இருந்தால் கொக்கும் மீன்கொத்தியும் கூடவே வரும். அறுவடைக் காலத்தில்தான் கவனம் தேவை: அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறும் இடத்தில் சேற்றுக் கட்டிகள் சாலையில் விழுந்து கிடக்கும். காய்ந்தால் கல், நனைந்தால் சோப்பு. அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள், கைப்பிடியைத் திருப்பாதீர்கள், மிதிப்பதை நிறுத்தி நேராக உருட்டிக்கொண்டு போய்விடுங்கள். உடும்பு குறுக்கே வந்தால் அதற்கு வழி விடுங்கள், அது அவசரப்படாது.

சனி, ஞாயிறுகளில் கம்பத்தில் கல்யாணக் கெண்டூரி (விருந்து) நடந்தால் பந்தல் சாலையையே அடைத்துக்கொண்டு நிற்கும். மணியடிக்காதீர்கள். பந்தலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, "தும்பாங் லாலு, மாக்சிக்" (கொஞ்சம் வழி விடுங்கள், அம்மா) என்று மலாயில் சொல்லிக்கொண்டே போங்கள். பெரிய சட்டியில் கறி கிண்டிக்கொண்டிருக்கும் அம்மா கரண்டியைத் தூக்கி வழி காட்டுவார். "மாக்கான் டுலு" (முதலில் சாப்பிடுங்கள்) என்று கூப்பிட்டாலும் ஆச்சரியமில்லை. அண்ணிக்கு அந்த அழைப்பு என்றால் கால் நகராது, "இரு ஆயி, கூப்பிடுறாங்க, மரியாதையா இருக்காது" என்பார்.

நாய்கள் அதிகம் பண்ணை வாசல்களில்தான். துரத்தினால் போட்டி போட்டு மிதிக்காதீர்கள். நின்று, இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து, அதட்டிவிட்டு மெதுவாக நடங்கள். பெரும்பாலும் அதன் எல்லை முடிந்ததும் அதுவே திரும்பிவிடும். வாத்துக் கூட்டம்தான் மோசம், அதட்டலுக்கெல்லாம் அடங்காது.

கோலா சுங்கை பினாங்கில் படகுகள் கட்டியிருக்கும் இடத்தில் இளைப்பாறலாம். கொண்டு வந்த இரண்டு போத்தல் தண்ணீரில் ஒன்று இங்கே காலியாகியிருக்க வேண்டும். ஆகவில்லையென்றால் நீங்கள் குடித்தது போதாது. கடைகளில் சில்லறையாகக் கொடுங்கள், காலையிலேயே ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) நோட்டை நீட்டினால் முகம் சுளிப்பார்கள்.

நான் சொல்லும் திசைக்கு ஒரு குறை உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டும் நாடு, இந்தச் சுற்றிலோ முக்கியத் திருப்பங்கள் எல்லாம் வலப்பக்கம், அதனால் எதிர்வரும் வண்டிகளைக் கடந்துதான் திரும்ப வேண்டும். சுங்கை பினாங்கில் பெரிய சாலையில் ஏறும் இடம்தான் கவனிக்க வேண்டியது. தெலுக் பஹாங் பக்கமிருந்து இறங்கிவரும் வண்டிகள் வேகத்தோடு வரும். வீரம் காட்டாமல் இறங்கி, இரு பக்கமும் பார்த்து, தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

அதற்கப்புறம் டவுன் வரை ஓரமாக, வரிசையாக, ஒருவர் பின் ஒருவர். பேசுவதெல்லாம் டவுனில் பேசிக்கொள்ளலாம். இடப்பக்கச் சரிவில் டுரியான் தோட்டங்கள். ஜூன், ஜூலையில் வந்தால் மரத்தடியில் பழம் தாங்க வலை கட்டியிருப்பதைப் பார்க்கலாம், சாலையோரத்தில் கடையும் போட்டிருப்பார்கள். அந்த மாதங்களில் வார நாளில் வருவது நல்லது, வார இறுதியில் டுரியான் தேடி வரும் கார்கள் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை அதிகம், முந்தின இரவு கொட்டியிருந்தால் வயல் சந்துகளை மறந்துவிடுங்கள்.

டவுனில் லக்சா என்னும் நூடுல்ஸ் குழம்பைச் சாப்பிடாமல் போனால் வந்தது பாதிதான். புளி போட்டு மீனில் செய்யும் ஆசாம் லக்சா, தேங்காய்ப் பால் ஊற்றிய சியாம் லக்சா, இரண்டும் இந்த ஊரில் பேர்போனவை. வெயிலில் வந்த நாக்குக்கு ஆசாம்தான் என்பது என் கட்சி. அண்ணி சியாம் கட்சி. கூட ஒரு ஜாதிக்காய்த் தண்ணீர், ஐஸ் போட்டு.

இன்னும் காலில் தெம்பு இருப்பவர்கள் தெற்கே புலாவ் பெத்தோங் வரை போய் வரலாம், ஆனால் அது வட்டம் இல்லை, போன வழியே திரும்ப வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சேற்றைக் கழுவி, சங்கிலியைத் துடைத்து, எண்ணெய் விட்டுவிடுங்கள். கடற்கரைக் காற்று பட்ட சங்கிலி அடுத்த வாரத்துக்குள் துருப்பிடித்துக் கிறீச்சிடும்.