பி.எஃப். பென்ஷனை எந்த வயதில் தொடங்குவது?

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் வேலை பார்த்தவர்களிடையே, பி.எஃப். பென்ஷன் 58 வயதில்தான் கிடைக்கும் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. உண்மையில் அது முழுத்தொகைக்கான வயது மட்டுமே. குறைந்தது 10 ஆண்டு சர்வீஸ் உள்ளவர், வேலையை விட்டிருந்தால், 50 வயது முதலே பென்ஷனைத் தொடங்கலாம். 60 வரை தள்ளிப்போடவும் செய்யலாம். 58க்கு முன்னால் எடுத்தால் ஆண்டுக்கு 4 விழுக்காடு குறையும். தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடும்.

முடிவெடுக்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசி 60 மாதங்களின் சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன் வரும். சம்பளம் அதிகமாக இருந்தாலும், பெரும்பாலானவர்களுக்கு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாயே இதற்கு உச்சவரம்பு. அதற்கு முந்தைய சர்வீஸுக்குப் பழைய 6,500 ரூபாய் வரம்பின்படி தனியாகக் கணக்கிடுகிறார்கள். 2015க்குப் பிறகு சேர்ந்து 10 ஆண்டு உழைத்த, சராசரிச் சம்பளம் 15,000 ரூபாயான ஒருவருக்கு, 58 வயதில் சுமார் 2,143 ரூபாய் வரும். அவரே 55 வயதில் தொடங்கினால் கிட்டத்தட்ட 1,890 ரூபாய்தான். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் சுமார் 68,000 ரூபாய் கைக்கு வந்துவிடும். மாதம் 250 ரூபாய் குறைவதால் ஏற்படும் நட்டம் அந்தத் தொகையை எட்டுவதற்குள் அவருக்கு 80 வயது தாண்டிவிடும். 60 வரை காத்திருப்பவருக்கோ, விட்ட பணம் திரும்ப ஏறத்தாழ 85 வயதாகும். விலைவாசிக்கேற்ப உயரும் பஞ்சப்படியும் இந்தப் பென்ஷனுக்குக் கிடையாது. எனவே வேறு வருமானம் இல்லாதவர், 4 விழுக்காடு கூடும் என்பதற்காக மட்டும் காத்திருப்பது புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு விலக்குகள் உண்டு. மீண்டும் பி.எஃப். பிடிக்கும் வேலை கிடைக்கும் வாய்ப்பிருந்தால், சர்வீஸ் கூடும் என்பதால் பொறுத்திருப்பதே நல்லது. மனைவி வயதில் மிகவும் இளையவர் என்றாலும் யோசிக்க வேண்டும். கணவர் காலமான பிறகு அவர் வாங்கிவந்த தொகையில் பாதிதான் மனைவிக்கு வரும், அதுவும் குறைக்கப்பட்ட தொகையின் பாதியாகவே இருக்கும். முன்கூட்டித் தொடங்கியவருக்கு 58 ஆனதும் தொகை தானாக முழுமையாகிவிடாது.

58 முடிந்தும் அதே கம்பெனியில் தொடர்பவர்கள், வேலையை விட்டால்தான் பென்ஷன் என்று நினைத்து இருந்துவிடுகிறார்கள். அப்படியில்லை, சம்பளம் வாங்கிக்கொண்டே பென்ஷன் விண்ணப்பமான பத்து-டி படிவம் கொடுத்துப் பென்ஷனையும் பெறலாம்.

எந்த வயதைத் தேர்ந்தெடுத்தாலும், அதற்குப் பல மாதங்கள் முன்பே பதிவுகளைச் சரிபார்த்துவிடுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் இடிப்பது இனிஷியல்தான்: பி.எஃப். பதிவில் ‘எம். செல்வம்’ என்றும் ஆதாரில் ‘செல்வம் முருகேசன்’ என்றும் இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடக்கூடும். கான்ட்ராக்டர் மாறி மாறி வேலை செய்தவர்கள், ஒவ்வொருவரிடமும் இருந்த கணக்கு ஒரே யூ.ஏ.என்.னுக்குள் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) மாற்றப்பட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். மாற்றப்படாத சர்வீஸ் சேராமல் போனால், 10 ஆண்டு உழைத்தவரும் தகுதி இல்லாதவராகிவிடுவார். இடையில் கைச்செலவுக்காகப் பென்ஷன் பணத்தை எடுத்திருந்தால் அந்தக் கால சர்வீஸும் கணக்கில் வராது; வேலையை விடும்போது அதை எடுக்காமல், பத்து-சி படிவம் மூலம் ஸ்கீம் சர்டிபிகேட் (அதுவரையிலான சர்வீஸுக்கான சான்று) வாங்கி வைப்பதே சரி.