இத்தாலி சீரி சி டிஃபெண்டர் ஒருத்தரோட கேரியரை எப்படி படிக்கணும்

இத்தாலி ஃபுட்பால்ல மேல் லீக்கான சீரி ஏ பக்கமே போகாத ஒரு டிஃபெண்டரோட கிளப் லிஸ்டை எடுத்துப் பாத்தா பதினஞ்சு வருஷத்துல பத்து பன்னெண்டு கிளப் பேரு இருக்கும், உடனே நமக்கு தோணுறது ஆளு எங்கயும் நிலைக்கல போலன்னு. தயவுசெஞ்சு அப்படி படிக்காதீங்க. அந்த லிஸ்ட்ல இருக்குற பல மாற்றம் அவர் கையிலயே இருந்திருக்காது. கிளப்பையே இழுத்து மூடியிருப்பாங்க, இல்ல அவரோட பாதி உரிமை இன்னொரு கிளப்கிட்ட இருந்திருக்கும். அதனால ஒவ்வொரு வரிக்கும் ஏன் வந்தாரு, ஏன் போனாருன்னு தேடணும், அப்பதான் அந்த மனுஷன் எப்படிப்பட்ட ப்ளேயர்னு தெரியும்.

முதல்ல அந்த வருஷத்துல லீகோட பேரு என்ன, அது எத்தனாவது படின்னு பாருங்க. இப்ப மேல சீரி ஏ 20 டீம், அடுத்து சீரி பி 20 டீம், அதுக்கு கீழ சீரி சி, மூணு குரூப்பா 60 டீம். ப்ரொஃபஷனல் அதோட முடிஞ்சுது, நாலாவதா வர்ற சீரி டி கணக்குப்படி அமெச்சூர்தான். ஆனா பழைய லிஸ்ட்ல பேரு வேற மாதிரி இருக்கும். 1978லேருந்து சி1, சி2ன்னு ரெண்டு படி, 2008ல அதே ரெண்டையும் லேகா ப்ரோ ப்ரிமா டிவிஸியோனே, செகோண்டா டிவிஸியோனேன்னு மாத்துனாங்க, 2014ல ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க, 2017ல மறுபடி சீரி சின்னு பேரு வந்துது. இது தெரியலன்னா 2010ல செகோண்டா டிவிஸியோனேல ஆடுனவரை ரெண்டாவது டிவிஷன் ஆளுன்னு நினைச்சிருவோம், அவர் ஆடுனது நாலாவது படி.

மேட்ச் எண்ணிக்கையும் இதோட சேத்துதான் பாக்கணும். அந்தக்கால சி1ல ஒரு குரூப்ல 18 டீம், அப்படின்னா சீசனுக்கு 34 மேட்ச், இப்ப 20 டீம் குரூப்ல 38. அதனால பழைய சி1ல 31 மேட்ச் ஆடியிருந்தா கிட்டத்தட்ட வருஷம் பூரா அவர்தான் நின்னுருக்காரு. டிஃபெண்டருக்கு கோல் கணக்கு பாத்து பிரயோஜனமே இல்ல, ஒரே கிளப்ல தொடர்ந்து ரெண்டு மூணு சீசன் முப்பதை ஒட்டி ஆடியிருக்காரான்னு பாருங்க, கோச் மாறுனப்புறமும் அந்த எண் குறையலன்னா அதைவிட பெரிய சர்டிஃபிகேட் கிடையாது. திடீர்னு ஒரு வருஷம் 6, 7ன்னு விழுந்திருந்தா காயம், இல்ல சீசன் நடுவுல ஜனவரில வேற கிளப்புக்கு மாறியிருப்பாரு.

லிஸ்ட்டோட ஆரம்பத்துல ஒரு பெரிய கிளப் பேரு இருந்து ஒரு மேட்ச்கூட ஆடலன்னா அது பெரும்பாலும் ப்ரிமாவேரா, அதாவது யூத் டீம்ல வளந்த பையன். அங்கேருந்து 19, 20 வயசுல லோன்ல, அதாவது கொஞ்ச காலத்துக்கு இரவலா, சீரி சிக்கு அனுப்புவாங்க, அடுத்த வருஷம் வேற ஊரு, அதுக்கடுத்த வருஷம் இன்னொண்ணு. 2014ல நிறுத்த முடிவு பண்றவரைக்கும் கூட்டு உரிமைன்னு ஒண்ணு வேற இருந்துது, ரெண்டு கிளப் ஆளுக்கு பாதி, ஜூன்ல பேசி முடியலன்னா மூடுன கவர்ல தொகை எழுதிக் குடுப்பாங்க, யாரு அதிகமோ அவங்களுக்கு ப்ளேயர். அந்த வயசுல இருக்குற அஞ்சு கிளப்பை வச்சு ஒருத்தரை எடைபோடுறது அநியாயம்.

இனிமே சொல்றதுதான் ரொம்ப முக்கியம், கிளப் திவாலாகறது. 2019 பிப்ரவரில ப்ரோ பியாசென்ஸா டீம் குனியோகிட்ட 20-0ன்னு தோத்துது, சம்பளம் வராம ப்ளேயருங்க போயிட்டாங்க, பதினோரு பேருகூட தேறாம டீன் ஏஜ் பசங்களை வச்சு இறங்குனாங்க, அதுக்கப்புறம் லீக்லேருந்தே வெளியேத்திட்டாங்க. 2022ல கட்டானியா, 2025ல தாரந்தோவும் தூர்ரிஸும் சீசன் நடுவுல வெளிய போனாங்க. அப்படி வெளியேத்துனா அந்த டீம் ஆடுன மேட்ச் ரிசல்ட்டெல்லாம் ரத்து, அதனால மேட்ச் கணக்கு ஒரு இடத்துல ஒண்ணு, இன்னொரு இடத்துல வேற ஒண்ணுன்னு இருந்தா இந்த காரணமான்னு முதல்ல பாருங்க. ஒருத்தர் ஏப்ரல்ல திடீர்னு வேலை இல்லாம நின்னா அவர் மோசமா ஆடுனாருன்னு அர்த்தமே இல்ல.

இதுக்கு நேர் எதிரா ஒரே வரில எல்லாத்தையும் மறைக்கிற கேரியரும் உண்டு. அலெஸ்ஸாண்ட்ரோ லூக்காரெல்லி, பார்மா, 2008லேருந்து 2018 வரை, பாத்தா அமைதியா பத்து வருஷம் மாதிரி இருக்கும். ஆனா அவர் வந்தப்ப பார்மா சீரி பி, அடுத்து சீரி ஏ, 2015ல கிளப் திவால், புதுசா தொடங்கி சீரி டிலேருந்து ஆடுனாங்க, கேப்டன் அவர் மட்டும் போகாம நின்னாரு, மூணு வருஷத்துல மூணு ப்ரொமோஷன், சீரி ஏக்கு திரும்புனதும் நாப்பது வயசுல ரிட்டயர் ஆனாரு. இத்தாலி ஃபுட்பால்ல எனக்கு இதைவிட மரியாதை வர்ற டிஃபெண்டர் கேரியர் இன்னொண்ணு கிடையாது.

லிஸ்ட்ல ஜூலைலேருந்து நவம்பர் மாதிரி ஒரு இடைவெளி இருந்தா அவர் சும்மா உக்காந்திருக்கல. ஜூன் 30 ஒப்பந்தம் முடிஞ்சு கிளப் கிடைக்காதவங்களுக்கு ப்ளேயர்ஸ் சங்கமே கேம்ப் நடத்துது, 1968லேருந்து இருக்குற சங்கம் அது, அங்க ட்ரெய்னிங் எடுத்துக்கிட்டு யாராவது டிஃபெண்டருக்கு காயம்னு ஃபோன் வருமான்னு பாத்துட்டு இருப்பாங்க.

கீழ் டிவிஷன்ல 23, 24 வயசு ஆயிட்டா கதை முடிஞ்சுதுன்னும் எழுதிறாதீங்க. ஃபெடரிகோ கத்தின்னு (Gatti) ஒரு டிஃபெண்டர், கட்டட வேலை பாத்துட்டே அமெச்சூர் ஆடுனவரு, 2020-21ல ப்ரோ பாத்ரியால சீரி சி, அடுத்த வருஷம் சீரி பில ஃப்ரோசினோனே, 2022 ஜனவரில யுவெண்டஸ் வாங்கிருச்சு, அதே ஜூன்ல இத்தாலி ஜெர்சி. 2006 உலகக்கோப்பை ஃபைனல்ல கடைசி பெனால்ட்டி அடிச்ச ஃபாபியோ க்ரோஸோவும் அமெச்சூர்ல தொடங்கி கியேத்தில சீரி சி ஆடிட்டுதான் 2001ல சீரி ஏல இருந்த பெருஜியாவுக்கு போனாரு. இவங்க விதிவிலக்குதான், ஆனா நீங்க படிக்கிற ஆளோட நடுப்பகுதியை அவசரமா தாண்டாம இருக்க இவங்களை ஞாபகம் வச்சுக்கங்க.

33 தாண்டுனப்புறம் பிறந்த ஊரையும் கிளப் ஊரையும் மேப்ல வச்சு பாருங்க, பல பேரு வீட்டுலேருந்து கார்ல போயிட்டு வர்ற தூரத்துக்கு சீரி டிக்கோ, அதுக்கும் கீழ அஞ்சாவது படியான எச்செல்லென்ஸாவுக்கோ இறங்கியிருப்பாங்க. பசங்க ஸ்கூல், அடுத்த வேலை, கோச்சிங் லைசென்ஸ்னு காரணம் இருக்கும்.

கடைசியா ஒரு பேப்பர்ல சீசன், கிளப், எத்தனாவது படி, மேட்ச், போன காரணம்னு அஞ்சு பத்தி போட்டு எழுதுங்க. காரணம் பத்தில ப்ரொமோஷன், லோன் முடிஞ்சுது, ஒப்பந்தம் முடிஞ்சுது, கிளப் திவால்னு தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க, தெரியாததை காலியா விட்டுட்டு அந்த ஊரு பேப்பரோட பழைய செய்திகள்ல அவர் பேரையும் கிளப் பேரையும் இத்தாலியன்ல சேத்துப் போட்டு தேடுங்க.